சிறு பாரத்திற்குச் சிறு டிரெய்லர்

வயலில் விளைந்த பொருள் சந்தைக்குச் சென்று சேரும் வரையில் விவசாயம் முற்றுப்பெற்றதாகாது. விதை, எரு, தண்ணீர் ஆகியவற்றைப்பற்றி மிகுந்த கவலை எடுத்துக்கொள்ளும் குடியானவர்களிற் பலர், விளைபொருளை ஏற்றிச் செல்லும் வண்டியைப்பற்றி அவ்வளவு கவலை கொள்வதில்லை. அகப்பட்ட வண்டியில் கொண்டமட்டும் ஏற்றுவதென்பதே பல கிராமங்களில் வழக்கமாக இருந்துவருகிறது. செங்கற்பட்டு ஜில்லாவில், அதிலும் கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் செய்யூர்க் கடற்கரை வரையிலுள்ள ஊர்களில், இவ்வழக்கம் பணத்திற்கும் சில சமயங்களில் உயிருக்கும் நஷ்டத்தை உண்டாக்கி வருகிறது.

எஞ்சின் இல்லாமல், மோட்டார் வண்டியின் பின்னால் கோத்து இழுக்கப்படும் வண்டிக்கு டிரெய்லர் என்று பெயர். டிராக்டருக்குப் பின்னால் செல்லும் பெரிய பெட்டியைக் கிராமத்தார் யாவரும் அறிவர். ஆனால் ஒரே அச்சும் இரண்டு சக்கரமும் கொண்டு, காலியாக இருக்கும்பொழுது இரண்டு ஆட்கள் கையால் தள்ளிவிடக்கூடிய சிறு டிரெய்லரைப்பற்றி யோசித்தவர்கள் மிகச் சிலரே. நாலைந்து ஏக்கர் நிலமுள்ள குடித்தனக்காரரின் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜீப்போ, வேனோ, சிறு காரோ நிற்குமாயின், அவருடைய அன்றாடப் பாரத்திற்கு இச்சிறு டிரெய்லரே ஏற்றது. ஆனால் அதற்குரிய அளவு மீறப்படுமானால், அதைப்போல் அபாயமான வண்டி வேறொன்றும் இல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே குடியானவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

கடற்கரையின் பழைய போக்குவரத்து

இழுத்துச் செல்லும் முறை இக்கடற்கரைக்குப் புதியதன்று. மரக்காணத்திலிருந்து சென்னை வரையில் பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும், சவுக்கு விறகும், தானியமும் படகுகளில் சென்ற காலம் உண்டு. 1876 முதல் 1878 வரையில் நேர்ந்த பெரும் பஞ்சத்தின்போது ஏழைகளுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு இக்கால்வாய் வேலை விரிவாக நடைபெற்றது. கோல் ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் படகுகள் செலுத்தப்பட்டன. 1965, 1966-ஆம் வருஷங்களில் அடித்த புயல்களால் கால்வாய் கெட்டு, நாளடைவில் அப்போக்குவரத்து நின்றுபோயிற்று. தண்ணீர் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆகையால் ஒருவர் இருவரே பல டன் எடையை மெல்ல இழுத்துச் செல்ல முடிந்தது. ரஸ்தாவில் அவ்வாறு முடியாது. ஏற்றிய ஒவ்வொரு மூட்டையும் சக்கரத்தின்மேலும், அச்சின்மேலும், கோக்கும் கொக்கியின்மேலும், நிறுத்தும் பிரேக்கின்மேலும் விழுகிறது.

கால்வாய் போனபின் பாரம் முழுவதும் ரஸ்தாவிற்கு வந்துவிட்டது. மாட்டு வண்டிகளின் இரும்புப் பட்டை கட்டிய சக்கரத்திற்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் டயர் வந்தது. அதன்பின் டிராக்டர் வந்தது. இன்று படாளத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதற்கும், சவுக்குக் கட்டைகளைக் கொண்டு செல்வதற்கும் டிராக்டரும் பெரிய டிரெய்லருமே பயன்படுகின்றன. மீன்பிடிக் குப்பங்களிற்கூட மணலில் படகை ஏற்றி இறக்கும் வேலையை டிராக்டர் செய்கிறது. பெரும் பாரத்திற்கு டிராக்டர் தக்கதென்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஏழெட்டு மூட்டை நெல்லையோ, ஐம்பது அறுபது தர்ப்பூசணிப் பழத்தையோ, ஒரு நாட்காய்ப்புக் கத்தரிக்காயையோ கொண்டுசெல்ல நாற்பது குதிரை சக்தியுள்ள டிராக்டரை வாடகைக்குப் பிடிப்பது, எலி வேட்டைக்கு யானை ஏறிப் போவதை ஒக்கும்.

பிற இடங்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சிறு விவசாயிகள் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை ‘லாண்ட்மாஸ்டர்’ என்று அழைத்து, உழவு முடிந்தவுடன் அதன் பின்னால் ஒரு பெட்டியைக் கோத்து, எருவும் வைக்கோலும் காய்கறியும் ஏற்றிப் பல்லாண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். நம் நாட்டில் பவர் டில்லர் வைத்திருப்பவர்களும் இவ்வாறு செய்யலாம். அதன் மெதுவான வேகமே அதற்குப் பாதுகாப்பு.

பாரமும் பலமும்

இழுக்கும் வண்டி எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதே முதற் கேள்வி. வண்டி முக்கி முனகியாவது இழுத்துவிடுகிறது என்பதைக் கொண்டு இதை முடிவுசெய்யலாகாது. இழுப்பதற்கு வேண்டிய பலம் சிறிது. நிறுத்துவதற்கு வேண்டிய பலம் பெரிது. வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் பாரத்தால் முறியும் வண்டி அச்சை உதாரணமாக எடுத்துக்கொண்டது காரணமின்றியன்று.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினர் உபயோகித்த வில்லிஸ் ஜீப்பு, கரடுமுரடான நிலத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட உறுதியான வண்டி. அதன் எடை சுமார் 1,100 கிலோ. அதன் பின்னால் கோக்கப்பட்ட சிறு டிரெய்லருக்குக் ‘கால் டன் டிரெய்லர்’ என்றே பெயர். அதாவது, பாதையில்லாத நிலத்தில் அதற்கு விதித்திருந்த பாரம் 500 பவுண்டு, ஏறக்குறைய 225 கிலோ மாத்திரமே. யுத்தகளத்திற்கென்று செய்த ஜீப்பிற்கே இவ்வளவுதான் என்றால், நகரத்து வீதிகளுக்காகச் செய்யப்பட்ட சிறு காரின் பின்னால் அரை டன் நெல்லை ஏற்றுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பிரிட்டனில் ஒரு விதி இருக்கிறது. தனக்கென்று பிரேக்கு இல்லாத டிரெய்லரைக் காரின் பின்னால் இழுப்பதானால், டிரெய்லரும் அதிலுள்ள பாரமும் சேர்ந்த மொத்த எடை, காரின் எடையிற் பாதிக்கு மேற்படலாகாது. எப்படியும் 750 கிலோவைத் தாண்டலாகாது. இந்நாட்டுக் குடியானவர்களும் தங்கள் சொந்த நன்மைக்காக இவ்வளவைக் கைக்கொள்வது உத்தமம். 900 கிலோ எடையுள்ள ஒரு சிறு காருக்கு, அதன்படி மொத்தம் 450 கிலோவே வரம்பு. அதில் டிரெய்லரின் சொந்த எடை 150 கிலோ என்று கொண்டால், ஏற்றத்தக்க பாரம் 300 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையே வழக்கமாதலால், அது ஏழு மூட்டை நெல். ஐந்து கிலோ நிறையுள்ள தர்ப்பூசணியானால் அறுபது பழம். 1,600 கிலோ எடையுள்ள ஜீப்பாக இருந்தால், பாதி 800 ஆனபோதிலும் வரம்பு 750 கிலோதான். 200 கிலோ எடையுள்ள டிரெய்லரில் 550 கிலோ, அதாவது பதின்மூன்று மூட்டை ஏற்றலாம். காரை உற்பத்தி செய்தவர்கள் தங்கள் கைப்புத்தகத்தில் இதற்குக் குறைவான அளவைக் குறித்திருந்தால் அதுவே முடிவானது. இழுக்கலாகாதென்று குறித்திருந்தாலும், இழுப்பதைப்பற்றி ஒன்றுமே குறிக்கப்படாதிருந்தாலும், அக்காரை இவ்வேலைக்குக் கொள்ளாமலிருப்பதே விவேகம். காருக்குள் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருக்கும்பொழுது டிரெய்லரிலும் முழுப் பாரம் ஏற்றுவது தகாது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு டிரெய்லரின் சூட்சுமத்தைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்துப் புண்ணாகும். தேர்ந்த வண்டிக்காரர் மூட்டைகளைச் சற்று முன்னே தள்ளி அடுக்கி, நுகத்தில் அளவான பாரம் மாத்திரம் விழும்படி பார்த்துக்கொள்வார்.

டிரெய்லருக்கும் இதே நியாயந்தான். பின்பாரம் மிகுந்தால் கொக்கி காரின் பின்புறத்தை மேலே தூக்கும். பின் டயர்களுக்குத் தரையில் பிடிப்புக் குறையும். சற்று வேகமாகப் போகும்பொழுது டிரெய்லர் பாம்பைப்போல் இருபுறமும் நெளிய ஆரம்பிக்கும். நெளிவு தொடங்கியபின் ஸ்டியரிங்கைத் திருப்பி அதைச் சரிப்படுத்த முயல்வது பெரும்பாலும் கேட்டிலேயே முடியும். முன்பாரம் மிகுந்தால் காரின் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்பங்களில் வண்டி சொன்னபடி கேளாது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்றுக் குறைவோ கொக்கியில் விழுவது பொருத்தம். ஆனால் கொக்கி தாங்கும் பாரத்திற்குக் காரின் கைப்புத்தகம் ஓர் அளவு சொல்லியிருந்தால், அதை மீறலாகாது. மேற்சொன்ன 450 கிலோ டிரெய்லருக்கு அது நாற்பது கிலோ அளவு வரும். அதாவது ஒரு நெல் மூட்டையின் எடை. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின்மேல் டிரெய்லரின் முன்கொம்பை வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். இதற்கு ஐந்து நிமிஷத்திற்கு மேல் ஆகாது.

நிறுத்துவதைப்பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏரிக்கரையிலிருந்து வண்டி சரிவில் இறங்கும்பொழுது பாரம் மாடுகளை முன்னே தள்ளுவதையும், அவை கால்களை ஊன்றித் தாங்குவதையும் யாவரும் பார்த்திருப்பர். பிரேக்கு இல்லாத டிரெய்லர் ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்பொழுதும் அவ்வாறே காரைத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், நிற்பதற்குப் பிரேக்குத் தாங்கவேண்டிய வேலை நான்கு மடங்காகும். ஆகையால் மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டருக்குமேல் இவ்வண்டிகளை ஓட்டாதிருப்பது நலம். பின்னுக்குத் தள்ளும்பொழுது டிரெய்லர் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். இதை ரஸ்தாவிற் கற்றுக்கொள்ளாமல், அறுவடை முடிந்த களத்தில் காலி வண்டியைக்கொண்டு சில நாட்கள் பழகிக்கொள்ளவேண்டும்.

கடற்கரைக் கிராமங்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. உப்புக் காற்று இரும்பை அரிப்பதில் சிறிதும் தாமதிப்பதில்லை. மேலே வர்ணம் பூசப்பட்டிருக்கும் கொக்கிக்குள்ளே துரு ஏறி ஆணி பாதியாகத் தேய்ந்திருப்பதுண்டு. மாதத்திற்கொருமுறை ஆணியைக் கழற்றித் துடைத்துப் பார்த்து மசகு இடவேண்டும். தேய்ந்த ஆணிக்குப் பதிலாகக் கம்பியைச் செருகுவதோ, கயிற்றால் கட்டுவதோ கூடாது. கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி ஓர் இரும்புச் சங்கிலியும் எப்பொழுதும் கோத்திருக்கவேண்டும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் டிரெய்லரை ஒரு தனி வாகனமாகவே கருதுகிறது. அச்சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி, மற்ற வாகனங்களைப்போலவே டிரெய்லரையும் பதிவு செய்யவேண்டும். டிரெய்லரின் பதிவு எண் அதன் பக்கத்திலும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின்மீதும் காணப்படவேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்திற்குப் பர்மிட்டு வேண்டுவதில்லை என்று 66-ஆம் பிரிவு சலுகை அளிக்கிறது. ஆனால் பதிவுக்கோ இன்ஷூரன்ஸுக்கோ இச்சலுகை இல்லை. பட்டறையிற் பழைய அச்சையும் சக்கரத்தையும் கொண்டு ஒட்டவைத்த வண்டி மலிவாகத் தோன்றும்; ஆனால் அங்கீகாரச் சான்று இல்லாத வண்டியைப் பதிவு செய்வது அரிது. வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விசாரித்துக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும். சொந்த உபயோகத்திற்காகப் பதிவு செய்யப்பட்ட காரைக்கொண்டு பிறர் பாரத்தை வாடகைக்கு ஏற்றுவதும் சட்டத்திற்கு விரோதமாகும்.

இன்ஷூரன்ஸைப்பற்றி நிலச்சுவான்தார்கள் தனியே கவனிக்கவேண்டியதொன்று உண்டு. இழுக்கும் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் டிரெய்லருக்கும் அது தானாகவே செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2007-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. செங்கற்சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெய்லரில் இருந்த ஒரு தொழிலாளி கீழே விழுந்து பலத்த காயமடைந்தார். டிராக்டருக்கு விவசாய உபயோகத்திற்கென்று இன்ஷூரன்ஸ் இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. சூளைக்கு மண் கொண்டுபோவது விவசாய வேலையுமாகாது. ஆகையால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே கோர்ட்டார் கண்டார்கள். தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியின் சொந்தக்காரரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. டிரெய்லருக்குத் தனியாகச் செலுத்தியிருக்கவேண்டிய சிறு பிரீமியத்தை மிச்சப்படுத்தியவர், கடைசியில் நஷ்ட ஈடு முழுவதையும் தாமே ஏற்க நேர்ந்தது.

இவ்வழக்கிலிருந்து மற்றொரு பாடமும் கிடைக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் வரும் ஆண்களையும் பெண்களையும் டிரெய்லரில் ஏற்றிச் செல்வதை உடனே நிறுத்தவேண்டும். டிரெய்லர் பெரியதாயினும் சிறியதாயினும், அது பொருளுக்காக ஏற்பட்டதேயன்றி மனிதருக்காக ஏற்பட்டதன்று. அதில் பிடித்துக்கொள்ள இடமில்லை. கவிழ்ந்தால் தப்ப வழியில்லை. நஷ்ட ஈடும் நிச்சயமில்லை. கூலியாட்களை அழைத்துவர வேறு வண்டி அமர்த்துவதால் ஆகும் செலவு, ஒரு குடும்பத்தின் உயிரோடு ஒப்பிடத்தக்கதன்று.

ஆட்சேபமும் சமாதானமும்

2005-ஆம் வருஷம் முதல் ‘குட்டி யானை’ என்று ஜனங்கள் அழைக்கும் சிறு சரக்கு மோட்டார்கள் கிராமந்தோறும் வந்துவிட்டனவே, அவற்றை வாடகைக்குப் பிடித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. கோயம்பேடு மார்க்கெட்டு வரையில் போவதற்கும், இரவிற் பிரயாணம் செய்வதற்கும், அரை டன்னுக்கு மேற்பட்ட பாரத்திற்கும் அவற்றையே அமர்த்தவேண்டும். அங்கெல்லாம் சிறு டிரெய்லருக்கு வேலையில்லை. ஆனால் மாசி முதல் வைகாசி வரையில் தர்ப்பூசணி அறுக்கும் காலத்திலும், நவரை, சொர்ணவாரி அறுவடைகளின்போதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வண்டி வேண்டியிருக்கிறது. அப்பொழுது வாடகை ஏறும். வண்டி வருவதற்குள் பழம் வெயிலில் வாடும். நெல் மழையில் நனையும். ஏழு மூட்டைக்கும் எழுபது மூட்டைக்கும் நடை வாடகையில் அதிக வித்தியாசம் இராததால், சிறு குடியானவரே அதிகமாகக் கொடுக்கிறார். கிராமத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கோ, மதுராந்தகம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கோ, பக்கத்துச் சந்தைக்கோ, பதினைந்து கிலோமீட்டருக்குள், பகல் வேளையில் செல்வதே சிறு டிரெய்லருக்கு உரிய வேலை. எஞ்சின் இல்லாததால் அது சும்மா நிற்கும் நாட்களில் டீசல் தின்பதில்லை. அதை வைக்க மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலை போதும்.

வருஷத்தில் முப்பது நாற்பது நாட்களே வேலையுள்ள ஒரு வண்டியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கவேண்டுவதும் இல்லை. நிலம் அடுத்தடுத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, அவரவர் பாரத்தை அவரவர் வண்டியில் இழுத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்வதானால் பதிவு யார் பெயரில், பிரீமியம் யார் பொறுப்பு, ஆணியும் டயரும் யார் பார்ப்பது என்பவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். பொதுவிற் கிடக்கும் பண்டத்தைக் கேட்பாரில்லாமற்போவது கிராமங்களில் சாதாரணம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

இவ்விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலர்களும், பஞ்சாயத்துத் தலைவர்களும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தாரும் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. அவற்றிற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை.

முதலாவது, ஒவ்வொரு அறுவடைக்கும் முன்பு ஒருநாள் ஊரிலுள்ள டிரெய்லர்களைப் பெரியதும் சிறியதுமாக ஓரிடத்திற் கூட்டி, ஆணி, சங்கிலி, டயர், பிரேக்கு, பின்புறச் சிவப்பு விளக்கு, ஒளி திருப்பும் சிவப்புப் பட்டை ஆகியவற்றைப் பார்வையிடச் செய்யலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரஸ்தாவிலும் வேகமாக வரும் வண்டிகளுக்கு, இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர் ஒரு சுவருக்குச் சமானம்.

இரண்டாவது, ஒவ்வொரு டிரெய்லரின் பக்கத்திலும் அதற்குரிய அளவைப் பெரிய எழுத்தில் எழுதச் செய்யலாம். கிலோக் கணக்கைவிட ‘நெல் ஏழு மூட்டை’ என்று எழுதினால் ஏற்றுகிறவருக்கும் எளிதில் விளங்கும். எட்டாவது மூட்டையை ஏற்றச் சொல்லும் சொந்தக்காரரையும் அது தடுக்கும்.

மூன்றாவது, கிராமப் பாதை பெரிய ரஸ்தாவில் வந்து சேருமிடத்தில், வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் மண் கொட்டிச் சமப்படுத்திய ஓர் ஏற்றுமேடு அமைக்கப் பஞ்சாயத்தார் ஏற்பாடு செய்யலாம். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வரும் ஜனங்களின் கார்கள் சனி, ஞாயிறு நாட்களில் அச்சாலையை நிறைத்துவிடுகின்றன. அந்நாட்களில் ரஸ்தா ஓரத்தில் நின்று பழம் ஏற்றும் குடியானவர்களுக்கு உள்ள அபாயத்தை அச்சாலை வழியே ஒருமுறை போய்வந்தவரும் அறிவர்.

நல்ல மாடு வாங்கியவர் அதன் பலமறிந்தே பாரமேற்றினார். மேட்டில் இறங்கி நடந்தார். இரவில் வண்டிக்கடியில் லாந்தரைக் கட்டினார். மோட்டார் வந்தபின் அவ்விவேகம் வேண்டாமென்று போய்விடவில்லை. வேகம் கூடிய அளவுக்கு அதன் தேவையும் கூடியிருக்கிறது. வரும் அறுவடைக்குள் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு டிரெய்லருக்காவது பாரத்தின் அளவு எழுதப்பட்டு, புது ஆணியும் சங்கிலியும் சிவப்பு விளக்கும் பொருத்தப்படுமானால், அது அக்கிராமத்திற்கு நல்ல தொடக்கமாகும்.